பழைய கம்ப்யூட்டரில் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய டெஸ்க்டாப், உள்ளே 320 அல்லது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 அல்லது 10. ஒரு நாள் ஏதோ ஒரு ஃபோல்டரைத் திறந்தால் "கெட்டுப்போயிருக்கிறது, படிக்க முடியவில்லை" என்கிறது. அல்லது மெஷினே ஏறவில்லை. இப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்களுக்கான பக்கம் இது. லினக்ஸ் போட்டிருப்பவர்களுக்கும் கீழே தனியாகச் சில பதில்கள் உண்டு. அவசரத்தில் இருந்தால் முதல் ஐந்து கேள்விகளை மட்டுமாவது படித்துவிட்டு மெஷினில் கை வையுங்கள்.

"இந்த டிரைவை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் கேட்கிறது. செய்யட்டுமா?

வேண்டாம். கேன்சல் கொடுங்கள்.

டிஸ்கில் தகவல் செக்டார் என்ற சிறு துண்டுகளாக எழுதப்படுகிறது; அந்தப் பார்டிஷனின் தொடக்கத்தில், அதன் அடிப்படை விவரங்களோடு இருக்கும் பூட் செக்டாரை விண்டோஸால் படிக்க முடியவில்லை, அல்லது படித்தது புரியவில்லை. அந்தச் செய்திக்கு அவ்வளவுதான் பொருள். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய்ப் பார்த்தால் அதே பார்டிஷன் "ரா" என்று காட்டும். உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டாருக்கு ஒரு நகலைப் பார்டிஷனின் கடைசி செக்டாரில் வைத்திருக்கிறது. முன்னால் இருப்பது கெட்டாலும் பின்னால் இருப்பதை எடுத்துப் போட்டு மீட்க வழி உண்டு.

குயிக் ஃபார்மேட் கொடுத்துவிட்டால் வேலை கடினமாகும், ஆனாலும் கொஞ்சம் மிஞ்சும். முழு ஃபார்மேட் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மேட் என்றால் பார்டிஷன் முழுக்கப் பூஜ்யம் எழுதுவது என்று ஆகிவிட்டது. அதற்கு மேல் எந்த மென்பொருளும் எதையும் திருப்பித் தராது.

ஆன் செய்ததும் செக்டிஸ்க் தானாகவே ஓடத் தொடங்குகிறது. விட்டுவிடலாமா?

செக்டிஸ்க் என்பது ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் விண்டோஸின் கருவி. அது ஓடுவதற்கு முன் திரையில் சில விநாடிகள் எண்ணிக்கை குறைந்துகொண்டு வரும். அதற்குள் கீபோர்டில் ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் இந்த முறைக்குத் தவிர்த்துவிடும். டிஸ்கின் நிலை தெரியும் வரை தவிர்ப்பது நல்லது. காரணம் கொஞ்சம் கீழே வருகிறது.

ஃபைல் சிஸ்டம் கெடுவது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒரு குடோனையும் அதன் கணக்கு நோட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகள் உங்கள் ஃபைலில் இருக்கும் தகவல். எந்த மூட்டை எங்கே, யாருடையது, எத்தனை, எந்த இடம் காலி என்று எழுதியிருக்கும் நோட்டு ஃபைல் சிஸ்டம். நோட்டில் ஒரு பக்கம் கிழிந்தாலோ, ஒரே இடத்தை இரண்டு பேருக்கு எழுதிவிட்டாலோ, மூட்டைகள் அப்படியே கிடந்தும் தேடி எடுக்க முடியாமல் போகிறது.

என்டிஎஃப்எஸ்ஸில் அந்த நோட்டின் பெயர் எம்எஃப்டி. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் அதில் ஒரு பதிவு உண்டு. எம்எஃப்டியின் முதல் நான்கு பதிவுகளுக்கு மட்டும் வேறிடத்தில் ஒரு நகல் இருக்கும், மற்றவற்றுக்குக் கிடையாது. அதனால் டிஸ்கில் எம்எஃப்டி இருக்கும் பகுதியில் நாலைந்து செக்டார் கெட்டாலே நிறைய ஃபைல்கள் ஒரேயடியாகக் காணாமல் போகலாம். ஒரு சினிமா ஃபைலின் நடுவில் அதே அளவு கெட்டால் ஒரு நொடி படம் தடுமாறும், அவ்வளவுதான்.

சரி, உடனே செக்டிஸ்க் ஓட்டிவிடட்டுமா? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இந்தப் பக்கத்தை எழுதியதற்கே காரணம் இந்தக் கேள்விதான். முதலில் காப்பி, அப்புறம்தான் ரிப்பேர்.

செக்டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தின் கணக்கை ஒழுங்குபடுத்துவது. உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. ஒரு பதிவு புரியாவிட்டால், அதற்குப் பின்னால் இருப்பது உங்கள் கல்யாண ஆல்பமாகவே இருந்தாலும், அந்தப் பதிவை அழித்துவிட்டு "பிழை நீக்கப்பட்டது" என்று சொல்லும். கணக்கு நேராகிவிட்டது, அதன் பார்வையில் வேலை வெற்றி. ஓடும்போது திரையில் "டிலீட்டிங்" என்று தொடங்கும் வரிகள் வரிசையாகப் போனால் நடப்பது இதுதான்.

டிஸ்க் நன்றாக இருந்து, கரண்ட் போனதால் மட்டும் கணக்கு பிசகியிருந்தால் செக்டிஸ்க் அருமையாக வேலை செய்யும். டிஸ்கே தேய்ந்து படிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தால், இன்றைக்குப் படிக்க முடியாத பதிவையும் கெட்ட பதிவு என்றே அது எடுத்துக்கொள்ளும். அதே பதிவு நாலைந்து முறை முயன்றால் படிக்கக் கிடைத்திருக்கக்கூடும். கூடவே, மணிக்கணக்கில் டிஸ்க் முழுவதையும் மேய்வதால், சாகக் கிடக்கும் டிஸ்கின் கடைசி மூச்சையும் அதிலேயே செலவழித்துவிடும்.

பழைய மெஷினில் ஃபைல் சிஸ்டம் காரணமில்லாமல் கெடுவது அபூர்வம். டிஸ்க், கேபிள், ரேம், பவர் சப்ளை, போர்டில் இருக்கும் பேட்டரி ஆகியவற்றில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் ரிப்பேரை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஃபைல்களை இழப்பதுதான் மிச்சம்.

டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லா ஹார்ட் டிஸ்கும் தன் நிலையைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலுக்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும், லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல். பட்டியல் நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது நான்கு வரிகளை.

5-ஆம் வரி, டிஸ்க் ஏற்கனவே கைவிட்டு மாற்றிடம் கொடுத்த செக்டார்களின் எண்ணிக்கை. 197-ஆம் வரி, படிக்க முடியாமல் "பார்க்கலாம்" என்று நிறுத்தி வைத்திருக்கும் செக்டார்கள். 198, டிஸ்க் தானே சோதித்துப் பார்த்தும் தேறாதவை. 199, டிஸ்குக்கும் போர்டுக்கும் இடையே தகவல் போகும் வழியில் நேர்ந்த பிழைகள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் கடைசி மூன்றும் சி5, சி6, சி7 என்று இருக்கும். அது மதிப்புகளையும் பதினாறடிமான எண்ணில்தான் காட்டும், அமைப்புகளில் போய்ப் பதின்ம எண்ணுக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் இல்லை.

197 பூஜ்யமாக இல்லை என்றால் வேறு எதையும் யோசிக்காமல் காப்பி எடுக்கத் தொடங்குங்கள். 5-இல் சிறிய எண் ஒன்று வருடக்கணக்கில் மாறாமல் நிற்கிறது என்றால் சமாளிக்கலாம். நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே ஏறினால் அந்த டிஸ்கை நம்பக் கூடாது.

இதற்கு ஆதாரமும் உண்டு. கூகுள் தன்னுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழையைக் காட்டிய டிஸ்குகள், அப்படிக் காட்டாதவற்றைவிட 60 நாளுக்குள் செயலிழக்க 39 மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: செத்துப்போன டிஸ்குகளில் பாதிக்கும் மேல் (56 சதவீதம்) அந்த ஆய்வு முக்கியமாக எடுத்துக்கொண்ட நான்கு அறிகுறிகளில் எதையுமே காட்டாமல் போனவை. ஆகவே ஸ்மார்ட் "மோசம்" என்றால் நம்புங்கள், "நலம்" என்றால் பாதிதான் நம்புங்கள்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சிஸ்டம் பகுதியில் "என்டிஎஃப்எஸ் 55" இருந்தால் கணக்கில் பிசகு. "டிஸ்க் 7" இருந்தால் கெட்ட செக்டார். "டிஸ்க் 11" இருந்தால் கேபிள் அல்லது கன்ட்ரோலர் பக்கம் சந்தேகப்படலாம்.

199 மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. மற்றதெல்லாம் பூஜ்யம்.

நல்ல செய்தி. பெரும்பாலும் கேபிள்தான். கொஞ்சம் காசில் ஒரு புது சாட்டா கேபிள் வாங்கி, போர்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். அந்த எண் பழையபடி குறையாது, மேலே ஏறாமல் நின்றால் போதும்.

சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ இணைப்பு உள்ள இன்னும் பழைய மெஷின் என்றால் பட்டைக் கேபிளை எண்ணிப் பாருங்கள். 80 கம்பி இருக்க வேண்டிய இடத்தில் 40 கம்பிக் கேபிள் இருந்தால் வேகமான முறையில் பிழை வரும். எக்ஸ்பியில் இப்படிப் பிழைகள் தொடர்ந்து வந்தால் விண்டோஸ் டிஸ்கின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, மிக மெதுவான பையோ முறைக்கே இறக்கிவிடும். மெஷின் திடீரென்று ஆமை வேகத்துக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

டிஸ்க் தேறாது போலிருக்கிறது. ஃபைல்களை எப்படி எடுப்பது?

இதில் நிதானம் தேவை, எனவே விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், கெட்ட டிஸ்கிலிருந்து விண்டோஸை ஏற்றாதீர்கள். ஏறும்போதே அது நூற்றுக்கணக்கான ஃபைல்களை எழுதும், அப்டேட் தேடும், வைரஸ் ஸ்கேன் ஓட்டும். டிஸ்கைக் கழற்றி ஒரு நல்ல கம்ப்யூட்டரில் சாட்டா வழியாக மாட்டுங்கள், அல்லது பென்டிரைவில் லைவ் லினக்ஸ் (டிஸ்கில் நிறுவாமலே ஓடுவது) போட்டு அதில் பூட் செய்யுங்கள். யுஎஸ்பி அடாப்டர் கடைசி வழி. படிக்கத் திணறும் டிஸ்கில் அது பல நேரம் தொடர்பை அறுத்துக்கொண்டுவிடும்.

டிஸ்க் ஓரளவு நன்றாகப் படிக்கிறது, வேண்டியது ஒரு ஃபோல்டர் மட்டும் என்றால், டிரைவை ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும், எழுத முடியாதபடி) மவுன்ட் செய்து, அதாவது திறந்து, முக்கியமானதை முதலில் எடுங்கள். குழந்தைகளின் படங்கள், கணக்கு ஃபைல்கள், டேலி பேக்கப், ஸ்கேன் செய்த பத்திரங்கள் முதலில். மறுபடி டவுன்லோட் செய்யக் கிடைக்கும் சினிமாவும் பாட்டும் கடைசியில்.

197 ஏறிக்கொண்டிருக்கிறது, காப்பி நடுவிலேயே நிற்கிறது என்றால் ஃபைல் ஃபைலாக இழுக்காதீர்கள். முழு டிஸ்கையும் செக்டார் செக்டாராக இன்னொரு டிஸ்குக்கு நகல் எடுக்க வேண்டும். அதற்கு க்னூ டிடிரெஸ்க்யூ என்ற கருவியை நான் முழு மனதோடு சொல்வேன். உபுண்டு, டெபியனில் அதன் பொதி "ஜிடிடிரெஸ்க்யூ" என்ற பெயரில் கிடைக்கும். சாதாரண காப்பி ஒரு கெட்ட செக்டாரில் முட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். டிடிரெஸ்க்யூ அதைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போய், எளிதாகப் படிக்கக் கிடைப்பதை எல்லாம் முதலில் அள்ளிவிடும். கஷ்டமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கெங்கே விட்டது என்பதை மேப்ஃபைல் என்ற சிறிய ஃபைலில் எழுதி வைப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப்ஃபைலின் பெயரைக் கட்டளையில் கட்டாயம் கொடுங்கள். அதைக் கொடுக்காமல் ஓட்டினால் பாதிப் பயன் போய்விடும்.

முதல் சுற்றில் "என்" (-n) சுவிட்ச் போட்டு, கடினமான இடங்களைச் சுரண்டாமல் ஓட்டுங்கள். இரண்டாம் சுற்றில் "டி" (-d), "ஆர்3" (-r3) சுவிட்சுகளோடு அதே மேப்ஃபைலைக் கொடுத்தால், மிச்சம் இருப்பவற்றை மூன்று முறை முயன்று பார்க்கும்.

கட்டளையில் முதலில் வருவது பழைய டிஸ்க், அடுத்து வருவது புதியது. இதை மாற்றிப் போட்டால் காலி டிஸ்கை உங்கள் ஃபைல்கள் மேல் நகலெடுத்துவிடுவீர்கள். டிஸ்குகளின் பெயரை நினைவிலிருந்து அடிக்காமல், எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவையும் மாடலையும் பார்த்து உறுதி செய்த பிறகு என்டர் தட்டுங்கள். நகலை ஒரு பெரிய ஃபைலாக வைப்பதாக இருந்தால், அதை வைக்கும் டிரைவ், பென்டிரைவ்களில் அதிகம் காணும் ஃபேட்32 ஃபைல் சிஸ்டத்தில் இருக்கக் கூடாது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றி எடுத்து வையுங்கள். ரிப்பேர், மீட்பு, பரிசோதனை எல்லாம் நகலின் மேல்தான்.

டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது.

உடனே ஆஃப் செய்யுங்கள். தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. ஒவ்வொரு முறையும் தட்டின் மேற்பரப்பில் கீறல் விழக்கூடும். இந்த நிலைக்கு மென்பொருள் தீர்வு எதுவும் கிடையாது. உள்ளே இருப்பது உண்மையிலேயே முக்கியம் என்றால் தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனத்திடம்தான் போக வேண்டும். செலவு அதிகம்தான், அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது, தட்டிப் பார்ப்பது, வீட்டில் மூடியைத் திறப்பது எதுவும் வேண்டாம். தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தூசி போதும்.

காப்பி எடுத்தாகிவிட்டது. டிஸ்கும் நலம் என்கிறது. இப்போது செக்டிஸ்க் எப்படி ஓட்டுவது?

டிரைவின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக். சாதாரணப் பிசகுக்கு அதுவே போதும். கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓட்டுபவர்கள் இரண்டு சுவிட்சுகளின் வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். "எஃப்" கணக்கை மட்டும் திருத்தும், நல்ல டிஸ்கில் பல நேரம் சில நிமிடங்களில் முடியும். "ஆர்" அதோடு சேர்த்து டிஸ்கின் ஒவ்வொரு செக்டாரையும் படித்துப் பார்க்கும். விநாடிக்கு 80 எம்பி படிக்கும் 500 ஜிபி டிஸ்குக்கு, எல்லாம் நன்றாக இருந்தாலே ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரு இரவு முழுக்க ஓடியும் 12 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் செக்டிஸ்க் தொங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள், டிஸ்க் படிக்க முடியாமல் தவிக்கிறது.

விண்டோஸ் 8-இலிருந்து "ஸ்கேன்" என்ற சுவிட்சும் உண்டு. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிடும், பிறகு "ஸ்பாட்ஃபிக்ஸ்" கெட்ட இடத்தை மட்டும் திருத்தும். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

பூட் நேரத்தில் ஓடியதன் அறிக்கை மறைந்துவிட்டதே என்று கவலை வேண்டாம். ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் "வின்இனிட்" என்ற பெயரில் முழுவதும் இருக்கும். அதில் "கெட்ட செக்டார்களில் இத்தனை கேபி" என்ற வரியில் பூஜ்யம் தவிர வேறு ஏதாவது இருந்தால் டிஸ்க் பற்றிய பதிலுக்குத் திரும்பிப் போங்கள்.

செக்டிஸ்க் முடிந்த பிறகு "ஃபவுண்ட்.000" என்று ஒரு ஃபோல்டர் வந்திருக்கிறது.

யாருடையது என்று தெரியாமல் கிடைத்தவற்றை அதில் போட்டு வைத்திருக்கிறது. அது மறைந்த ஃபோல்டர், மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி அமைத்தால்தான் தெரியும். பெயர் போயிருக்கும், உள்ளே இருப்பது சரியாக இருக்கக்கூடும். முழு ஃபோல்டராகவே கிடைத்திருந்தால் உள்ளே ஃபைல் பெயர்கள் அப்படியே இருக்கும். பார்க்காமல் அழித்துவிடாதீர்கள்.

கரண்ட் போய் வந்ததும் ஒரு வேர்ட் ஃபைல் திறக்கவில்லை. அளவு மட்டும் சரியாகக் காட்டுகிறது. என்டிஎஃப்எஸ்ஸில் ஜர்னல் இருக்கிறதே?

இருக்கிறது. ஜர்னல் என்பது கணக்கில் செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு. ஆனால் அது காப்பது கணக்கை மட்டும். ஒரு ஃபைலின் பெயர், அளவு, இடம் இவை பதிவாகிவிட்டன, உள்ளே எழுத வேண்டிய தகவல் இன்னும் ரேமில் இருக்கிறது, அந்த நேரத்தில் கரண்ட் போகிறது. மறுபடி ஏறும்போது ஜர்னல் கணக்கை நேர்செய்துவிடும். ஃபைல் சிஸ்டம் சுத்தம், செக்டிஸ்க்கும் குறை சொல்லாது, ஆனால் ஃபைலுக்குள் இருப்பது வெறும் பூஜ்யங்கள். அந்த நகலை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது, எழுதப்படாததை எங்கிருந்து எடுப்பது? வேர்டின் ஆட்டோ ரெகவரி ஃபோல்டரையும், தற்காலிக ஃபைல்களையும் தேடிப் பாருங்கள்.

போதாததற்கு, டிஸ்குக்குள்ளேயும் ஒரு கேஷ் இருக்கிறது. எழுதிவிட்டதாகச் சொன்ன தகவல் இன்னும் தட்டுக்குப் போகாமல் அதில் நின்றுகொண்டிருக்கலாம். ஃபேட்32-இல் ஜர்னலே கிடையாது, அதனால் பென்டிரைவை எழுதும் நடுவில் பிடுங்கினால் கணக்கும் போய்விடும்.

யுபிஎஸ் இருக்கிறது, ஆனால் கரண்ட் போனதும் மெஷினும் சேர்ந்து அணைகிறது என்றால் பேட்டரி செத்துவிட்டது. முதலில் அதை மாற்றுங்கள்.

டிஸ்கை மாற்றியாகிவிட்டது. ஆனாலும் சில நாளுக்கு ஒருமுறை மறுபடி கெடுகிறது.

அப்படியானால் டிஸ்க் குற்றவாளி இல்லை. ரேமைச் சோதியுங்கள். எழுத வேண்டிய தகவல் எல்லாம் ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் மாறினால் டிஸ்க் தவறான தகவலை மிக ஒழுங்காக எழுதி வைக்கும். ரேம் கெட்டிருக்கும்போது செக்டிஸ்க் ஓட்டுவது இன்னும் மோசம். நல்ல கணக்கையும் தப்பு என்று படித்து, திருத்துகிறேன் என்று கெடுத்துவிடும்.

மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் போதும், "ஒன்றுதானே" என்று விடக் கூடாது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி செருகியதிலேயே சரியானதும் உண்டு.

ரேம் நன்றாக இருந்தால் பவர் சப்ளை. மெஷினைத் திறந்து போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ டிஸ்குக்குப் போகும் மின்சாரம் நிலையாக இருக்காது. 2000-களின் முதல் பாதியில் வந்த போர்டுகளில் இந்தக் கோளாறு உலகம் முழுக்கப் பரவலாக இருந்தது. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

ப்ளூ ஸ்கிரீனில் 7பி என்ற எண் வருகிறது. கடிகாரமும் பழைய வருடத்தைக் காட்டுகிறது.

ஃபைல் சிஸ்டம் கெடவே இல்லாமல் இருக்கலாம். போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் அமைப்புகள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அப்போது டிஸ்கோடு பேசும் சாட்டா முறை ஏஹெச்சிஐயிலிருந்து பழைய ஐடிஇக்கு மாறியிருந்தால் விண்டோஸ் தன் டிஸ்கையே கண்டுபிடிக்க முடியாமல் 7பி என்று நிற்கும். பயாஸில் போய் முன்பிருந்த முறைக்கு மாற்றிப் பாருங்கள், அப்படியே ஏறிவிடும். பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும் பேட்டரி தீர்ந்ததற்காக டிஸ்கை ஃபார்மேட் செய்து விண்டோஸ் ஏற்றியவர்கள் உண்டு, அதை நினைத்தால் மனது வலிக்கிறது.

வேறு எண்கள் வந்தால்: 24 என்பது என்டிஎஃப்எஸ் டிரைவர் முட்டிக்கொண்டது, ஈடி என்பது பூட் பார்டிஷனை மவுன்ட் செய்ய முடியவில்லை என்பது. இவை இரண்டுக்கும் மேலே சொன்ன வரிசையிலேயே போங்கள்.

லினக்ஸ் போட்ட மெஷின். திடீரென்று எதையும் சேமிக்க முடியவில்லை, எல்லாம் ரீட்-ஒன்லி என்கிறது.

லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 தன் கணக்கில் பிழை கண்டதும் மேலும் கெடாமல் இருக்கத் தன்னை ரீட்-ஒன்லியாக மாற்றிக்கொண்டது. உபுண்டு போன்றவற்றில் ரூட் பார்டிஷனுக்கு இதுதான் வழக்கமான அமைப்பு. லினக்ஸின் உள் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) பதிவைப் பாருங்கள். "ஐ/ஓ எரர்" என்று டிஸ்கின் பெயரோடு இருந்தால் காப்பி எடுக்கும் வேலை முதலில்.

மறுபடி பூட் செய்தால் இனிட்ராம்எஃப்எஸ் என்ற கறுப்புத் திரையில் நின்று "எஃப்எஸ்சிகேயை நீங்களே ஓட்டுங்கள்" என்று சொல்லலாம். எஃப்எஸ்சிகே (fsck) லினக்ஸின் செக்டிஸ்க் மாதிரி. டிஸ்க் நலம் என்று தெரிந்தால் அங்கேயே ஓட்டலாம். முதலில் "என்" சுவிட்சோடு ஓட்டுங்கள், எதையும் மாற்றாமல் என்னென்ன பிழை என்று மட்டும் சொல்லும். பட்டியல் சிறியதாக இருந்தால் அடுத்து உண்மையான ரிப்பேர். பக்கம் பக்கமாக வந்தால் "ஒய்" கொடுத்து எல்லாவற்றுக்கும் சரி சொல்வதற்கு முன் டிஸ்கை நகலெடுங்கள். மவுன்ட் ஆகியிருக்கும் பார்டிஷனில் எஃப்எஸ்சிகே ரிப்பேர் ஓட்டவே கூடாது. நல்லதையும் கெடுத்துவிடும்.

ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக் கெட்டுவிட்டது என்றால் கலங்க வேண்டாம், எக்ஸ்ட்4 அதற்கு நிறைய நகல் வைத்திருக்கிறது. வழக்கமான 4 கேபி பிளாக் அளவில் முதல் நகல் 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். "பி" (-b) சுவிட்சோடு அந்த எண்ணைக் கொடுத்தால் அதை வைத்துப் படிக்கும். பெயர் தெரியாமல் மீண்டவை "லாஸ்ட்+ஃபவுண்ட்" ஃபோல்டரில் இருக்கும்.

"கடைசியாக எழுதிய நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது" என்று புகார் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதே சிஆர்2032 பேட்டரியை.

ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கிறது. லினக்ஸில் எழுதிய ஃபைல்கள் விண்டோஸில் காணோம்.

விண்டோஸ் 8-இலிருந்து ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி, பாதித் தூக்கத்தில் வைத்துவிடும். டிரைவின் கணக்கு அதன் நினைவில் பழையபடி இருக்கும்போது லினக்ஸ் வந்து எழுதினால் இரண்டும் மோதும். பவர் ஆப்ஷன்ஸில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். தூங்கும் விண்டோஸ் டிரைவை எழுத விடாமல் லினக்ஸ் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

எக்ஸ்பி மெஷினில் பெரிய டிஸ்க் போடலாமா?

எக்ஸ்பியின் முதல் பதிப்பு 137 ஜிபிக்கு மேல் டிஸ்கை அணுகத் தெரியாதது. 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1-இல்தான் அது சரியானது. ஏற்கனவே பெரிய பார்டிஷன் இருக்கும் டிஸ்கில், அந்தப் பழைய சிடியைக் கொண்டு எக்ஸ்பியை மறுபடி நிறுவினால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. சர்வீஸ் பேக் சேர்ந்த சிடியையே பயன்படுத்துங்கள்.

பார்டிஷனே காணோம். அல்லது தெரியாமல் ஃபார்மேட் கொடுத்துவிட்டேன்.

அந்த டிஸ்கில் இனி ஒரு எழுத்துகூட எழுத வேண்டாம். மீட்பு மென்பொருளை அதிலேயே டவுன்லோட் செய்யவும் கூடாது. டெஸ்ட்டிஸ்க் தொலைந்த பார்டிஷனைத் தேடித் தரும், என்டிஎஃப்எஸ் பூட் செக்டாரை அதன் நகலிலிருந்து மீட்கும். அதுவும் முடியாவிட்டால் அதோடு சேர்ந்தே வரும் ஃபோட்டோரெக். அது கணக்கைப் பார்ப்பதே இல்லை, டிஸ்க் முழுக்கத் துழாவி ஜேபெக், பிடிஎஃப் போன்றவற்றின் அடையாளத்தை வைத்து எடுக்கும். பெயரும் ஃபோல்டரும் திரும்பக் கிடைக்காது. இரண்டும் இலவசம். காசு கேட்கும் மென்பொருளை வாங்குவதற்கு முன் இவற்றை முயலுங்கள்.

எஸ்எஸ்டியில் இந்த நம்பிக்கை குறைவு. அழித்த இடத்தைக் காலி செய்யச் சொல்லும் டிரிம் கட்டளை ஓடியிருந்தால் அந்த இடம் உண்மையிலேயே காலியாகிவிடும்.

எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டினால் சரியாகுமா?

அது விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சரிபார்ப்பது. ஃபைல் சிஸ்டத்தைத் தொடாது. ரிப்பேரெல்லாம் முடிந்து விண்டோஸ் தடுமாறினால் அப்போது ஓட்டலாம்.

கடையில் கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

"சிஸ்டம் ஏறவில்லை, சரிசெய்து கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் நிறைய இடங்களில் முதலில் செய்வது ஃபார்மேட்டும் புது விண்டோஸும்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நீங்கள் கேட்டது சிஸ்டம் ஏற வேண்டும் என்று. "உள்ளே இருக்கும் ஃபைல்கள் வேண்டும், ஃபார்மேட் செய்யக் கூடாது, ரிப்பேர் ஓட்டுவதற்கு முன் டிஸ்கை நகலெடுக்க வேண்டும்" என்று சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். நகலெடுக்க ஒரு புது டிஸ்கையும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டால் சாக்கு இருக்காது.

வேலை முடிந்ததும் பழைய டிஸ்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் ஆதார் நகலும் பாங்க் ஸ்டேட்மென்டும் இருக்கும். புது டிஸ்கில் படங்களையும் டாக்குமென்ட்களையும் பெயரை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு ஃபோல்டரிலும் சிலவற்றையாவது திறந்து பார்க்கும் வரை பழைய டிஸ்கை அழிக்கவும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.